இறங்கிய கை

ஸ்பீக்கர் நின்றுபோய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

எங்கள் மாவட்டத்து அருங்காட்சியகம் ஒன்றில், பார்வை நேரம் முடிந்து கதவை அடைத்த பிறகு, அன்று மாலை மறுபடியும் திறந்து விளக்குகளைப் போட்டிருந்தார்கள். ஒலியைப் பற்றி அறிவியல் பேச்சு, நடுநடுவே கச்சேரி. பேசியவர் இயற்பியல் பேராசிரியை. வயலின் நான். நாகர்கோவிலில் என் வீட்டு மாடியில் வெகு வருடங்களாகப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். மிருதங்கம் வாசித்தவர் பூதப்பாண்டிக்காரர், வங்கி ஊழியர். என்னைவிட இளையவர், எனக்கு நெடுநாள் கூட்டாளி.

கற்சிலைகளுக்கு நடுவே நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். உத்தரத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்ட திமிங்கல எலும்புக்குக் கீழே எங்கள் மேடை. பேராசிரியை கேட்டுக்கொண்டபடி ஒரே தந்தியில் வில்லை மெதுவாக இழுத்தேன். என் ஸ்வரம் திரையில் அலையாக நெளிந்தது. கூட்டம் கைதட்டியது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் அந்தச் சோதனையை ஆரம்பித்தார்.

“எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு ஒரு கைய உயத்துங்க. ஒரு சத்தம் வரும். போகப்போக மேல மேல ஏறும். கேக்காம ஆனதும் கைய இறக்கிருங்க. பக்கத்துல உள்ளவங்களப் பாத்து எழுதப்பிடாது, கேட்டியளா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் வில்லை மடியில் வைத்துவிட்டுக் கையை உயர்த்தினேன். சத்தம் விசில் மாதிரி கிளம்பி, கொசுவின் ரீங்காரமாக மெலிந்து, நூலாகி, அறுந்தது. கையை இறக்கினேன். சிறிது நேரம் காத்திருந்தும் ஒன்றும் வரவில்லை. ஒயர் கழன்றிருக்கும், சொல்லலாம் என்று கண்ணைத் திறந்தேன்.

அரங்கம் முழுக்கக் கைகள் நின்றன.

முன்வரிசையில் என் மகள், கண்ணை இறுக மூடி, காது கூசுகிறவள் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை உயர்த்தியிருந்தாள். அவளுக்குப் பின்னால் நரைத்த தலைகள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர்கள். அவர்கள் கைகளும் அப்படியேதான் இருந்தன. “இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு” என்று பேராசிரியை சொல்லிக்கொண்டிருந்தார். எது இருக்கிறது? எனக்கு மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

என்னை அறியாமல் கையை மறுபடி உயர்த்தினேன்.

அப்போதுதான் பார்த்தேன். மிருதங்கக்காரர் கண்ணை மூடியிருக்கவில்லை. என் கை இறங்கியதையும் ஏறியதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அது என்னை இன்னும் கலங்கடித்தது.

உடனே அடுத்த உருப்படியை வாசிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் சந்தேகத்தோடு தொட்டேன். எல்லோருக்கும் கேட்கிற எதுவோ எனக்கு மட்டும் கேட்காமல் என் வயலினிலிருந்தே வந்துகொண்டிருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. முடித்ததும் கூட்டம் கைதட்டியது. நான் கும்பிட்டேனா என்பதுகூட நினைவில்லை.

வெளியே போர்டிகோவில் அவர் மிருதங்கத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“உனக்கு முன்னாலயே தெரியுமா?”

“என்னது, அக்கா?”

“மழுப்பாத மக்கா. என் காது.”

அவர் நிமிரவில்லை. “ஒரு வருசம் இருக்கும்க்கா. தோவாளைக் கல்யாணத்துல சுருதிப்பெட்டிச் சத்தத்த ஏத்தி வை, ஏத்தி வைன்னு சொன்னிய. அது ஏற்கெனவே கூடுதலாத்தான் வச்சிருந்தேன்.”

“ஏன் சொல்லல்ல?”

“உங்களுக்கே தெரியும், சொல்ல மனசில்லாம இருக்கியன்னு நினைச்சேன். நான் எப்பிடிக்கா உங்ககிட்ட வந்து…”

ஆட்டோவில் வீடு திரும்பினோம். மகள் என் பக்கம் திரும்பி, “அம்மா, வாஷிங் மெஷின் முடிஞ்சு கீ கீன்னு கத்தும்லா? நீ பக்கத்துலயே இருந்து பேப்பர் படிப்ப. என்னையப் போகச் சொல்லதுக்குத்தான் கேக்காத மாதிரி நடிக்கன்னு நினைச்சேன்” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழத் தொடங்கிவிட்டாள். அந்த மெஷின் கத்தும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பழைய மெஷின் கத்தியது; புதிது சத்தமில்லாதது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

காது டாக்டர் பரிசோதித்துவிட்டுக் கோடு போட்ட தாளைக் காட்டினார். இரண்டு கோடுகளும் ஓரிடத்திலிருந்து சரிந்து விழுந்திருந்தன. இடது காதுக்கானது இன்னும் செங்குத்தாக. இத்தனை வருடங்கள் வயலின் இருந்த பக்கம். “அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். போனது திரும்ப வராதும்மா. மிச்சத்தக் காப்பாத்தலாம்” என்றார். வாசிப்புக்கு வேண்டிய ஸ்வரங்களில் பெரும்பகுதி இன்னும் எனக்குக் கேட்கிற எல்லைக்குள்தான் இருக்கிறதாம். பேச்சில் சில எழுத்துகள்தான் நழுவுகின்றன. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாளாவது வலித்திருக்கக் கூடாதா? ஒரு சின்னக் குத்தலாவது?

இப்போது பேச்சு கேட்கக் காதுக்கருவி மாட்டிக்கொள்கிறேன். சாதகம் செய்யும்போது இடது காதில் அடைப்பான். பிள்ளைகளின் பெற்றோரிடம் நானே சொன்னேன். ஒரு தாய் மட்டும், பரீட்சை வருகிறது என்று மகளை நிறுத்திக்கொண்டாள். மற்றவர்கள் இருந்தார்கள்.

மிருதங்கக்காரரோடு ஒரு மாதம் பேசவில்லை. காது போனதைவிட, ஒரு வருடம் என்னைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறாரே என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பிறகு நானே போன் செய்தேன். “வா. ஆனா ஒண்ணு. இனிமே தப்புன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லணும்.”

வந்தார். மாடியில் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்க, வாசிப்பின் நடுவில் தாளத்தை நிறுத்தினார். அவர் முகம் வெளிறியிருந்தது.

“அக்கா, மேல் ஷட்ஜம் கொஞ்சம் கூடுது.”

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குச் சுரீர் என்றது. விரலை மயிரிழை பின்னால் இழுத்து மறுபடி வாசித்தேன்.

“இப்ப?”

“இப்ப சரி” என்று சொல்லி, தாளத்தைப் போட ஆரம்பித்தார்.