பார்த்துக் குடுங்க!

போன வெள்ளிக்கிழமை என் தையல் மெஷின் படுத்துவிட்டது. ஊசி இறங்குகிறது, நூல் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு நம்பர் கொடுத்தார்கள். போன் போட்டேன். அரை மணி நேரத்தில் ஸ்க்ரூடிரைவர், ஆயில் கேன், பழைய துணி எல்லாம் ஒரு ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் வந்து இறங்கினாள் ஒரு பெண். பெயர் கவிதா. முப்பது வயது இருக்கும்.

மெஷினைப் பிரித்தாள், துடைத்தாள், எதையோ முடுக்கினாள், எதையோ தளர்த்தினாள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு துண்டுத் துணியை வைத்து ஓட்டிக் காட்டினாள். என்ன அழகான தையல்! வாங்கிய புதிதில்கூட அந்த மெஷின் அப்படித் தைத்ததில்லை.

"எவ்ளோம்மா ஆச்சு?" என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டே தரையைப் பார்த்தாள். "நீங்க பார்த்துக் குடுங்க ஆன்ட்டி."

பர்ஸை எடுக்கப் போனவள் அப்படியே திரும்பி அவளைப் பார்த்தேன். பணம் கொடுக்க வேண்டியவள் நான். எனக்கு எதற்குப் பயம்?

காபி போட்டுக் கொடுத்து உட்கார வைத்து விசாரித்தேன். ஒரு தையல் மெஷின் கடையில் ஐந்து வருஷம் மெக்கானிக்காக இருந்தவளாம். புதிதாக வந்த மேனேஜரின் வாய் தாங்காமல் வெளியே வந்து நாலு மாதம் ஆகிறது. வேலைக்குக் குறைவில்லை. வருகிற காசுதான் குறைவு. "எல்லாரும் நல்லவங்கதான் ஆன்ட்டி. அப்புறமா தரேன்றாங்க. திரும்பிப் போய்க் கேக்கறதுக்குத்தான் ஒரு மாதிரி கீது" என்றாள்.

அந்த 'ஒரு மாதிரி' இருக்கிறதே... அதோடு நான் குடும்பமே நடத்தியிருக்கிறேன்.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு நான் அட்டை அடிக்கிறவள் என்று தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஆரணியில் பட்டுத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி என்று ஒன்று இருக்கும். ஓட்டை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து அதில் மாட்டுவார்கள். எந்த இடத்தில் ஓட்டையோ அந்த இழை தூக்கும். அப்படித்தான் சேலையில் பூவும் மயிலும் விழுகின்றன. கிராப் தாளில் டிசைன் வரைந்து, அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவது என் தொழில்.

தொண்ணூறுகளில் ஒரு பட்டு வியாபாரியின் டிசைன் ரூமில் ஏழு வருஷம் சம்பளத்துக்கு இருந்தேன். முதல் ஐந்து வருஷம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு சூப்பர்வைசர் வந்தார். நான் பாத்ரூம் போனால் வாட்சைப் பார்ப்பார். சாயங்காலம் கிளம்பும்போது என் பையை மட்டும் திறந்து காட்டச் சொல்வார் — டிசைனைத் திருடி வெளியே விற்கிறேனாம்! தறியில் எந்தச் சேலை கெட்டாலும் பழி என் அட்டை மேல்தான் விழும்.

ஒரு நாள் பத்துப் பேர் எதிரில் என் கிராப் தாளை இரண்டாகக் கிழித்தார். "வீட்ல போய்க் கோலம் போடு. உனக்கு அதான் வரும்."

பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "மூணு மாசம்! மூணே மாசத்துல இதே வாசல்ல வந்து நிப்பே!"

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வீரமாகத்தான் இருந்தது. அங்கே வந்ததும் பர்ஸில் இருந்த சில்லறையை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் களம்பூரில் ஒரு ரைஸ்மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அதிகம் பேச மாட்டார். என் நான்கு வளையல்களை அடகு வைத்து செகண்ட் ஹேண்டில் ஒரு பஞ்சிங் மெஷின் வாங்க அவரும் சம்மதித்தார். "மூணு மாசத்துல பாதியாவது கட்டிடுங்க. இல்லன்னா வளையல மறந்துடுங்க" என்று அடகுக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். வீட்டுக்காரரும் ராத்திரி சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார்: "மூணு மாசம் பாரு. ஆகலன்னா பழைய எடத்துலயே கேட்டுப் பாக்கலாம்."

எல்லோரும் பேசி வைத்துக்கொண்டார்களா என்ன? அதே மூன்று மாதம்! எனக்கு அன்றைக்குத் தூக்கம் போனது.

முதல் வேலை கொடுத்தவர் நல்ல மனுஷர். இருபது தறிக்கு முதலாளி. வீட்டுக்குப் போனால் காபி வரும். "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். ஒரு பார்டர் டிசைன் கேட்டார். "எவ்ளோம்மா கேக்கற?" என்றார்.

ஏழு வருஷம் சம்பளக் கவர் வாங்கிய வாய். விலை சொல்லிப் பழக்கமில்லை. என்ன சொன்னேன்? அதேதான். "நீங்க பார்த்துக் குடுங்கண்ணா."

"உனக்கு இல்லாததாம்மா?" என்றார் அவர். அதோடு பேச்சு முடிந்தது.

அட்டையை முடித்துக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குப் போனேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. "செவ்வாக்கெழமை லட்சுமிய வெளிய அனுப்பக் கூடாதும்மா" என்றார். சரி, புதன்கிழமை போனேன். அஷ்டமி. வியாழன் நவமி. வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் போனால், "வெளக்கு வெச்சிட்டாங்களேம்மா..." மிச்சம் இருக்கிற நாட்களில் அவர் சேலையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போயிருப்பார். ஒருமுறை மனசு கேட்காமல், "வேணும்னா ஒரு சேலை எடுத்துக்கோம்மா" என்றார். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு ரேஷன் கடை க்யூவில் நிற்கவா?

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அதுதான் பிரச்சினையே. ஏமாற்றுக்காரராக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். இவர் உண்மையிலேயே பஞ்சாங்கத்துக்குப் பயந்தவர். காலையில் தினசரி காலண்டரைக் கிழித்துப் பார்க்காமல் செருப்பைக்கூட மாட்ட மாட்டார்.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. இதற்கு நடுவில் முந்தானைக்கு ஒரு மயில் டிசைன் கேட்டார். ஆவணி முகூர்த்தத்துக்கு அவசரமாம். மாட்டேன் என்றால் பழைய பணமும் போய்விடுமோ என்று பயம். ஒப்புக்கொண்டேன். பழைய ஆபீஸிலிருந்து ஆள் விட்டிருந்தார்கள் — வந்தால் சேர்த்துக்கொள்வார்களாம், சம்பளத்தில் கொஞ்சம் குறைத்து. மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அந்த வாசலில் தலையைக் குனிந்து நிற்பதுபோல் நினைத்துப் பார்ப்பேன். சோறு இறங்காது.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். மயில் டிசைனின் அட்டைகளைக் கோத்துக் கொடுத்தேன் — கடைசி அறுபது அட்டைகளைத் தவிர. அவற்றை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். தறி பாதி மயிலில் நிற்கும், முதலாளி பணத்தோடு ஓடி வருவார் என்று கணக்குப் போட்டேன்.

தறி நின்றது. ஆனால் ஓடி வந்தது முதலாளி இல்லை. லோகு.

லோகு அந்தச் சேலையை நெய்கிறவரின் மனைவி. என் வயதுதான். வெயிலில் நடந்து வந்து வாசலில் நின்றாள். "அட்ட கம்மியா கீதும்மா. மயிலுக்குத் தலையே வரல. மூணு நாளா தறி நிக்குது. சேலைய முடிச்சு, தறியிலருந்து அறுத்துக் குடுத்தாத்தான் எங்களுக்குக் கூலி. மளிகைக் கடையில கடன் சொல்லிகினு வரேன்."

"முதலாளி எனக்குப் பணம் தரணும். தந்ததும் அட்டை தரேன்" என்றேன். குரலைக் கடுமையாக வைத்துக்கொண்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "முதலாளி மேல கோவம்னா முதலாளி ஊட்டாண்ட போய் நில்லு. எங்க தறி இன்னா பண்ணுச்சு உன்ன?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. முதலாளிக்கு அது இருபது தறியில் ஒரு தறி. அவளுக்கு இருப்பதே ஒன்று. பத்துப் பேர் எதிரில் தாளைக் கிழித்தவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அறுபது அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பினேன். பணம் போனால் போகிறது என்று நினைத்தேனா? இல்லை. போகிறதே, போகிறதே என்று வழியெல்லாம் அழுதுகொண்டுதான் போனேன்.

லோகு வீட்டு வாசலில் முதலாளியின் ஸ்கூட்டர் நின்றது. உள்ளே அவர் தறியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அட்டை குறைகிறது என்று தறிக்காரர் சொல்லியும், முகூர்த்தச் சேலை முந்தானையில் நிற்கிறது என்றால் அவருக்கு அது ஏதோ தெய்வக் குத்தம். "ஏம்மா இப்படி ஆச்சு? நல்ல நேரம் பாத்துத்தானே ஏத்துனோம்?" என்றார். நிஜமாகவே பயந்திருந்தார்.

'பணம் கொடுங்கள்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. வந்தது வேறு.

"அண்ணா, புது டிசைன் ஏத்தறதுக்கு முன்னாடி அட்டை அடிச்சவங்களுக்குக் கூலிய வெத்தல பாக்குல வெச்சுத் தரணும். பழசு பாக்கி இருக்கவே கூடாது. இருந்தா சேலை முந்தானைல நின்னுடும்னு பெரியவங்க சொல்வாங்க."

எந்தப் பெரியவர்கள்? நல்லவேளை, அவர் கேட்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "இவ்ளோ நாளா எனக்கு யாரும் சொல்லலையே! ஆனா இன்னிக்கு வெள்ளிக்கெழமையாச்சேம்மா..."

அவ்வளவுதான், முடிந்தது கதை என்று நினைத்தேன். லோகு கண்ணை இமைக்காமல் சொன்னாள்: "இன்னா முதலாளி, காசு குடுக்கறது வேற, தாம்பூலத்துல வெக்கறது வேற. வெள்ளிக்கெழமை தாம்பூலம் குடுத்தா ஊட்டுக்கு நல்லதுதானே? ஜல்தியா குடுங்க, பேஜாரா கீது."

அவளே ஒரு எவர்சில்வர் தட்டைக் கழுவி வெற்றிலையும் பாக்கும் வைத்துக் கொண்டுவந்தாள். முதலாளி அதில் பணத்தை வைத்து, கிழக்குப் பார்த்து நின்று, இரண்டு கையாலும் நீட்டினார். நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு டிசைனுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார். ஆனால் நான் மனசுக்குள் போட்டு வைத்திருந்த தொகையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. யாரைக் குறை சொல்வது? பார்த்துக் கொடுங்கள் என்றேன், அவர் பார்த்துக் கொடுத்தார். அதிலேயே மூன்று நாள் கூலியை எடுத்து லோகுவிடம் நீட்டினேன். வேண்டாம் என்பாள் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்தேன். எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். எனக்கு அதுதான் ஆறுதலாக இருந்தது. மிச்சப் பணம் அடகுக்கடைக்குச் சரியாக இருந்தது. அட்டைகளைக் கோத்துவிட்டு நிமிர்ந்தபோது தறி ஓட ஆரம்பித்திருந்தது.

அதன் பிறகு எந்த வேலைக்கும் முதலில் ஒரு தாளில் விலை எழுதிக் கொடுப்பேன். பாதிப் பணம் தட்டில் வந்த பிறகுதான் மெஷினில் கை வைப்பேன். மற்ற டிசைன்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் வேறொரு முதலாளி எனக்கே விளக்கினார்: "இது நம்ம ஊர்ல தலைமுறை தலைமுறையா இருக்கற வழக்கம்மா." நான் பவ்யமாகத் தலையாட்டினேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இவள் ரொம்ப சாமர்த்தியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைக்கும் விலையை எழுதித்தான் கொடுக்கிறேன். ஏன்? வாயால் சொல்ல வராது. அந்த ஆபீஸை விட்டு நான் வந்துவிட்டேன், ஆனால் சூப்பர்வைசர் என் கூடவே வந்துவிட்டார். யாராவது "எவ்ளோம்மா?" என்று கேட்டால் போதும், உள்ளேயிருந்து அவர் குரல்தான் முதலில் வருகிறது — கோலம்தானே, அதற்கு என்ன விலை? கொடுமையான இடத்தில் வேலை பார்த்த பெண்கள் நிறையப் பேர் இப்படித்தான் என்று நினைக்கிறேன். வேலையை நிமிர்ந்து செய்கிறோம். கூலியைக் கேட்கும்போது குனிந்துவிடுகிறோம்.

கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தாள். "சரி, இப்ப சொல்லு. எவ்ளோ?" என்றேன்.

காபி டம்ளரைச் சுற்றினாள். கூடையைச் சரி செய்தாள். ஏதோ தப்புச் செய்ததை ஒப்புக்கொள்கிறவளைப்போல, "நூத்தம்பது ரூபா ஆன்ட்டி" என்றாள். நானும் பணத்தை எடுத்து வந்து நீட்டினேன்.

கை நீட்டியவள் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவளாகவே எனக்காக ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஆன்ட்டி... இன்னிக்கு வெள்ளிக்கெழமையாச்சே. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா நாளைக்கு வந்து வாங்கிக்கட்டுமா?"

நான் தட்டைத் தேடிச் சமையலறைக்கு ஓடினேன்.