ஊர் சுத்தம்

அருங்காட்சியக வாசலில் எல்லோரும் சீட்டு வாங்க வரிசையில் நிற்கிறார்கள். இவள் மட்டும் சுவரோரமாகப் போய், ஆள்காட்டி விரலை மடக்கி மூன்று தட்டு தட்டுகிறாள். காதை வைத்துக் கேட்கிறாள். ஒரு சாண் தள்ளி இன்னும் மூன்று தட்டு. "பூச்சு உள்ள விட்டுப்போச்சு" என்று சுவரிடமே துக்கம் விசாரித்துவிட்டு, கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்கிறாள். காவலாளி இதென்ன கூத்து என்று பார்க்க வருவதற்குள் கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய நிற்கிறாள். அது வேறு கணக்கு. எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் ஒரு ஜெபம்.

பழைய கட்டடங்களின் விரிசலையும் கசிவையும் கண்டுபிடித்துச் சரிசெய்வது அவள் வெளிநாட்டுக்குப் படிக்க வந்த மேற்படிப்பு. பார்க்கிற சுவரையெல்லாம் தட்டித் தடவிக்கொண்டு நிற்பதால், அறைத்தோழி அவளுக்கு வைத்த பெயர் சுவரொட்டி. தோழி வேதியியல் மாணவி. கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்முடைய மொழிதான் பேசுவாள், சண்டைக்கும் சமாதானத்துக்கும் அதுதான் வசதி. சுவரொட்டிக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போய், குளிர்சாதனப் பெட்டியில் தன் பால் பாட்டில் மேல் அதையே எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள்.

ஆண்டவரிடம் அவள் பேசுவதைப் பக்கத்திலிருந்து கேட்டால் சிரிப்பு வரும். துறைத் தலைவரிடம் விடுப்பு கேட்கிற மரியாதையும் சொந்த அண்ணனிடம் கேட்கிற உரிமையும் கலந்திருக்கும். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், "ஆண்டவரே, இது சரியான பஸ்தானே?" என்று ஆரம்பிப்பாள். ஏறுவதற்கு முன்னால் கேட்டால் என்ன என்று தோழி கேட்டதற்கு, "போர்டைப் படிக்கிறது என் வேலை. படிச்சது சரியா இருக்க வேண்டியது அவரு பொறுப்பு" என்றாள். இந்த ஏற்பாட்டில் அவள் வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஊர்க்கோடியில் போய் இறங்குவாள். அங்கேயும் ஏதாவது ஒரு பழைய சுவர் இருக்கும். அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிடுவாள்.

பருவத் தேர்வு முடிந்து ஒரு வாரம் விடுமுறை. வந்து ஏழு மாதமாகியும் விடுதி, வகுப்பு, ஆய்வுக்கூடம், வழி தவறி இறங்கிய ஊர்க்கோடி தவிர எதையும் பார்த்ததில்லை. பேருந்துக்கு வாரச் சீட்டு ஒன்று எடுத்துக்கொண்டாள். பழைய ஆய்வறிக்கையின் பின்பக்கத்தில் பதினோரு இடங்களை எழுதினாள். கட்டட வேலைக்குப் போடும் கனத்த பூட்ஸ்தான் அவளிடம் இருக்கிற ஒரே நல்ல செருப்பு. அதை மாட்டிக்கொண்டு ஞாயிறு மாலையே கிளம்பத் தயாராகிவிட்டாள். பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டே, அம்மாவுக்குச் செய்தி அனுப்பத் தொலைபேசியை முழங்கால் மேல் வைத்து, "ஒரு வாரம் லீவும்மா, ஊர் சுத்தறதுதான் வேலை" என்றாள். அவள் பேசியதைத் தொலைபேசி தானே எழுத்தாக்கி அனுப்பியது. அது என்ன எழுதியது என்று அவள் பார்க்கவில்லை. இரண்டு கையும் நாடாவில் இருந்தது.

திங்களன்று அருங்காட்சியகமும் பாலமும் படகும். செவ்வாயன்று மணிக்கூண்டு, முந்நூற்றுச் சொச்சம் படி ஏறி, மேலே எல்லோரும் நகரத்தைப் படமெடுக்க, இவள் மணி தொங்குகிற உத்தரத்தின் அடியில் குனிந்து துருவைப் பார்த்தாள். புதன்கிழமை பெரிய ஆலயம். அங்கே தட்டவில்லை. கை போனது, இழுத்துக்கொண்டாள்.

உள்ளே ஆராதனை நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வகுப்பில் அதே மொழியில் நடத்துகிற பாடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கே ஒன்றும் பிடிபடவில்லை. "சிமெண்ட்டைப் பத்திப் பேசுனா புரியுது, ஆண்டவரைப் பத்திப் பேசுனா புரியலை" என்று அன்று மாலை தோழியிடம் சொன்னாள். ஆனால் ஆமென் புரிந்தது. எல்லோரும் சொல்லி முடித்து அரை நொடி கழித்து, கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் பாட்டுப் புத்தகத்தை இவள் பக்கம் நகர்த்திப் பிடித்தார். வார்த்தை தெரியாவிட்டாலும் மெட்டு தெரிந்த மெட்டு. அவள் தமிழ் வார்த்தைகளிலேயே பாடினாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அழுகை வந்தது, சந்தோஷமான அழுகை. மூக்கைத் துடைக்கத்தான் ஒன்றும் இல்லை. வாரச் சீட்டின் உறை உதவியது.

வெளியே வந்து தொலைபேசியைத் திறந்தால் நாற்பத்து மூன்று செய்திகள். எல்லாம் ஊரிலுள்ள சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தாருடையவை. ஒருவர், "மகளே, கையுறை போட்டுக்கோ" என்றிருந்தார். இன்னொருவர், "குனிஞ்சு குனிஞ்சு கூட்டாதே, இடுப்பு பிடிச்சுக்கும்." சங்கச் செயலாளர் அம்மா கிருமிநாசினி கலக்கும் அளவையே அனுப்பியிருந்தார். கடைசியில் போதகரின் குரல்: "அந்நிய தேசத்துல வீதி வீதியா சுத்தம் பண்ற ஊழியத்தை ஆண்டவர் உனக்குக் குடுத்திருக்காரு. ஞாயித்துக்கிழமை ஆராதனையில அந்த அனுபவத்தை போன் வழியா நீ சாட்சியா சொல்லணும்மா."

அவள் மேலே தள்ளித் தள்ளி, ஞாயிறன்று தான் அனுப்பிய செய்தியைத் தேடிப் படித்தாள். 'ஒரு வாரம் லீவும்மா, ஊர் சுத்தம்தான் வேலை.' அம்மா அதை அப்படியே சங்கத்துக்கு அனுப்பிவைத்திருந்தார்.

ஆலயப் படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். விடுதிக்குப் போய்த் தோழியிடம் காட்ட, அவள் கட்டிலில் விழுந்து சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. இவளை வெளிநாட்டுக்கு அனுப்பியதற்காக அம்மா வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சம் இல்லை. "அங்க போன பிள்ளைங்க ஞாயித்துக்கிழமைன்னா இழுத்துப் போத்திட்டுத் தூங்கும். கோயிலாவது குளமாவது" என்று அத்தையே சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். அன்றைக்கு அம்மா வாய் திறக்கவில்லை. ஏழு மாதம் கழித்து இப்போதுதான் தலை நிமிர்ந்து கோயிலுக்குப் போகிறார். உண்மையைச் சொன்னால் அந்தத் தலை மறுபடி குனியும். பொய் சொல்வதென்றால், அதை ஆலயத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் முதலில் சொல்லிவிடலாம் என்று அன்றே கூப்பிட்டாள். அம்மாவுக்குத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. எப்பேர்ப்பட்ட கோழிக் கிறுக்கலையும் படித்து விலாசம் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் அச்சு எழுத்தில் இருந்த தப்பை எப்படிக் கவனிக்காமல் விட்டார் என்பதுதான் இவளுக்கு ஆச்சரியம்.

"அம்மா, அந்த மெசேஜ் இருக்குல்ல..."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். அந்த மெசேஜ்ல சுத்தம்னு..."

"அத்தை கூட உன்னை விசாரிச்சாங்கடி. தானா வந்து பேசுனாங்க. சரி, வேலை நேரம், வைக்கிறேன்."

இப்படியே வியாழனும் வெள்ளியும். செய்தி என்ற சொல் வந்தாலே அந்தப் பக்கம் வேலை நேரம் வந்துவிடும். பட்டியலில் மிச்சமிருந்த பூங்காவையும் படக் கூடத்தையும் பார்த்தாள். ஆனால் சுவரைத் தட்டினாலும் காது அதில் இல்லை.

"இதுக்கு ஏன்டி இவ்வளவு யோசனை?" என்றாள் தோழி. "ஒரு பையை எடுத்துட்டுப் பார்க்குக்குப் போ. அரை மணி நேரம் குப்பை பொறுக்கு. பொய் உண்மையாயிடும்."

"சாமி கும்பிடாத நீ சொல்ற யோசனை நல்லாத்தான் இருக்கு."

சனிக்கிழமை போகவும் போனாள். மூன்று காகிதக் கோப்பைகளை எடுத்துப் பையில் போட்டாள். நாலாவதற்குக் குனிந்தபோது பூங்காவின் துப்புரவுத் தொழிலாளி, தன் வண்டியை இவள் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து, நன்றி சொல்லி, தோளில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு அவளுக்குத் தாங்கவில்லை. பையை அவர் வண்டியில் கொட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பிவிட்டாள். "ஆண்டவரே, இது டிராமா. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றாள் பேருந்தில் ஏறியதும்.

ஞாயிறு. ஊரில் ஆராதனை தொடங்கும்போது இங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அறையில் தோழி தூங்குவதால், கீழே துணி துவைக்கும் அறைக்கு வந்தாள். யாருடைய துணியோ உலர்த்தும் இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் ஆலயம் தெரிந்தது: முன்னால் போதகர், மூன்றாம் வரிசையில் அம்மா, பக்கத்தில் அத்தை. அம்மா கட்டியிருந்தது கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கிற பச்சைச் சேலை.

"சொல்லும்மா" என்றார் போதகர்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்றாள். எழுதி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "நான் ஊரைச் சுத்தம் பண்ணலை. ஊர் சுத்துனேன். போன் தப்பா எழுதிடுச்சு. நேத்து மூணு கப்பு பொறுக்குனேன், அதுவும் உங்ககிட்ட சொல்றதுக்காகத்தான் பொறுக்குனேன். அதனால அது கணக்குல வராது."

அவள் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள்: படகு, மணிக்கூண்டு, கடைசி வரிசை, அரை நொடி தாமதமாகச் சொன்ன ஆமென், ஒரு மெட்டுக்கு இரண்டு மொழி. "எனக்குச் சாட்சின்னு இருக்கிறது இவ்வளவுதான். ரொம்ப சந்தோஷமா இருந்தேன். அம்மா மேல தப்பு இல்லை. அவங்களை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

பாடகர் குழுவில் யாரோ 'ஊர் சுத்துனேன்' என்று சொல்லிப் பார்த்துக் களுக்கென்று சிரித்தார்கள். அது வரிசை வரிசையாகப் பரவியது. போதகரே கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அத்தை மட்டும் சிரிக்காமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

அம்மா எழுந்தார். நேராக முன்னால் நடந்து வந்து ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். இதற்குமுன் அம்மா சபையில் ஒரு வார்த்தை பேசி இவள் பார்த்ததில்லை.

"எனக்கும் ஒரு சாட்சி இருக்கு" என்றார். "திங்கக்கிழமையே இவ ஒரு போட்டோ அனுப்புனா. கையில ஐஸ்கிரீம் இருந்துச்சு, துடைப்பம் இல்லை. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஆனா நீங்க எல்லாரும் என் பொண்ணை நல்ல விதமா பேசிட்டிருந்தீங்க. அதைக் கேக்க ஆசையா இருந்துச்சு. வாயை மூடிட்டு இருந்துட்டேன். போனு போட்ட பொய்யை ஒரு வாரம் காப்பாத்துனது நான்தான். சபை மன்னிக்கணும். எனக்காக ஜெபம் பண்ணிக்குவோம்."

அம்மா முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அவர் பின்னால் வரிசை வரிசையாகப் பெண்கள் ஜெபத்துக்குத் தலையை மூடிக்கொண்டார்கள். கடைசியில் அத்தையும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

துணி துவைக்கும் அறையில் சுவரொட்டி இங்குமங்கும் பார்த்தாள். துப்பட்டா மாடியில் கிடந்தது. எட்டி இயந்திரத்தின் கதவைத் திறந்து, யாருடையதென்றே தெரியாத ஒரு துண்டை உருவி, சுடச்சுடத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்தாள்.