குறை சொல்லாத நாக்கு

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து, கோயிலும் சாப்பாடுமாக ஊருக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றக் கிளம்பினார்கள். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவன் நான்தான். எனக்கு அவ்வளவு பக்தியெல்லாம் கிடையாது. என் மனைவிக்குத் தொண்டையில் கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து மாதக்கணக்காகியும் நாக்கில் ருசி திரும்பவில்லை. நாளாகும், சிலருக்கு முழுசாகத் திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இத்தனை கடையில் ஏதாவது ஒன்று அந்த நாக்கை எழுப்பிவிடாதா என்று எனக்கு ஒரு நப்பாசை.

அது லேசுப்பட்ட நாக்கு இல்லை. கல்யாணப் பந்தியில் ரசத்தை ஒரு வாய் வைத்ததும், பெருங்காயத்தை எப்போது போட்டார்கள் என்று சொல்லிவிடும். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தும், இந்த ஊர் சாம்பாரில் விழும் வெல்லத்தை அவள் மன்னித்ததே கிடையாது. அந்தக் குறைகளைக் கேட்டுக் கேட்டு எரிந்து விழுந்தவன் நான். சிகிச்சைக்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் "நல்லா இருக்கு" என்கிறாள். ஒரு குறைகூடச் சொல்வதில்லை.

அல்சூரில் சோமேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு டிபனுக்கு உட்கார்ந்தோம். சாம்பார் பாயசம் மாதிரி இனித்தது. ஆவலோடு அவள் முகத்தைப் பார்த்தேன். "நல்லா இருக்கு" என்றாள். மல்லேஸ்வரத்தில் வெண்ணெய் தோசை. அதுவும் நல்லா இருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேன் சிக்னலில் நின்றால்கூட எழுந்து நின்றேன். அடுத்து எங்கே, எப்போது போய்ச் சேருவோம் என்று ஏற்பாடு செய்த நண்பரைத் துளைத்தெடுத்தேன். சன்னிதியில் கண்ணை மூடினால் அடுத்த கடைதான் தெரிந்தது. கடைசியில் அவளே சட்டையைப் பிடித்து இழுத்து என்னை உட்கார வைத்தாள்.

"என் வாயையே பாத்துக்கிட்டிருக்காதீங்க. பயத்துல முழுங்கவே முடியல."

அவளுக்கும் பயம் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இனிப் பார்ப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

பசவனகுடிப் பக்கம் ஒரு சின்னக் கோயில். நடை சாத்துவதற்குள் ஓடிப்போய்க் கும்பிட்டோம். வெளியே தொன்னையில் புளியோதரை கொடுத்தார்கள். கொடுத்த வாக்குப்படி நான் ஒரு தூணைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

"இதுல கூடவா வெல்லத்தைக் கொட்டுவாங்க?" என்று பின்னாலிருந்து அவள் குரல்.

பிரசாதத்தை எங்களில் யாரும் குறை சொல்ல மாட்டோம். உப்பே இல்லாவிட்டாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுவதுதான் வழக்கம். நண்பரின் மனைவி பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமி பிரசாதத்தை அப்படிச் சொல்லலாமா அக்கா, தப்பு என்றார். இவள் தொன்னையையே வெறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு வாய் போட்டுச் சொல்லு" என்றேன்.

போட்டு மென்றாள். "வெல்லம் ஜாஸ்தி. புளியும் சரியா கொதிக்கல" என்றவள், சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

கிளம்பச் சொல்லி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் இன்னொரு தொன்னை வாங்க, வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.