டெஸ்ட்ராயர் நின்ற கடல்

குவைத்தில் எங்களுக்கு விசா எடுத்துத் தந்த கஃபீலின், அந்த அரபு முதலாளியின், மீன்பிடிப் படகில் நானும் என் தங்கை புருஷனும் வேலை பார்த்தோம். ஈராக் சண்டை முடிந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்ட சமயம். முடிந்திருந்தால் கடலில் இத்தனை போர்க்கப்பல் எதற்கு என்று மச்சான் கேலி பேசுவார். எண்ணெய் ஏற்றும் மேடைகளுக்குக் காவலாக ஒரு பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர் கப்பல் நின்றது. சில மாதம் நிற்கும், போகும், அதேபோல் இன்னொன்று வரும். "உள்ள டாக்டரெல்லாம் உண்டும்லே" என்பார் மச்சான்.

ஒருநாள் இன்ஜின் படுத்துவிட்டது. வயர்லெஸ் அதற்கு முன்பே செத்திருந்தது. அன்றைக்கென்று மச்சானுக்கு நெஞ்சு வலி. வியர்த்துக் கொட்டியது, உதடு நீலம் பாரித்தது. இவருக்கு ஏதாவது ஆனால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பேன்?

கப்பல் கண்ணுக்குத் தெரிந்தது. நீரோட்டமும் எங்களை அதன் பக்கமே இழுத்தது. எங்கள் குமரிக் கடலில் தத்தளிக்கும் வள்ளம் பழைய வலையைக் கொளுத்திப் புகை காட்டும். பார்த்தவன் எவனானாலும் ஓடி வருவான். நானும் ஒரு பழைய வலையில் டீசல் ஊற்றிக் கொளுத்தினேன்.

கப்பலின் துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பின. வெடிமருந்துப் படகு மோத வருகிறது என்று நினைத்துவிட்டார்கள். ஒலிபெருக்கி அரபியில் மிரட்டியது. "இன்ஜின் மாஃபி! ஆத்மி பீமார்!" - இன்ஜின் இல்லை, ஆளுக்கு நோவு - என்று தெரிந்த அரபியையும் இந்தியையும் சேர்த்துக் கத்தினேன். எதிர்க்காற்று பாவி, ஒரு சொல்லையும் கொண்டுபோகவில்லை. படகு மேலும் நெருங்காமல் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, சட்டையைக் கழற்றிக் கைகளைத் தூக்கி நின்றேன். கையைத் தூக்கி நிற்பவன் நெஞ்சைத் தடவிவிடுவது எப்படி? மச்சான் என் காலைப் பிடித்துக்கொண்டார். "கையக் கீழ போடாதலே, சுட்டுருவானுவ."

புகை அடங்கிய பிறகுதான் ரப்பர் படகில் வந்தார்கள். மருந்துப் பெட்டியோடு ஒரு பெண் ஏறினாள். அதற்குள் பேச்சு மூச்சில்லாமல் கிடந்த மச்சானின் மார்பை அமுக்கி அமுக்கி அவளுக்கே மூச்சு வாங்கியது. கடைசியில் அவளாகவே நிறுத்தினாள், அழுதாள்.

உடலை ஊருக்கு அனுப்ப நான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்த நாட்களில் அந்தக் கப்பலின் முறை முடிந்தது. குண்டு ஒன்றும் சுடாமல் காவல் காத்துத் திரும்புகிறது என்று நாங்கள் தங்கியிருந்த அப்பாசியா ரூம் டிவியில் செய்தி வந்தது. உண்மைதான், சுடவில்லை.

ஊரில் அடக்கம் முடிந்து, அழுது ஓய்ந்த தங்கை கேட்டாள்.

"கப்பலு எம்புட்டுத் தூரத்துல நின்னுது அண்ணே?"

"கண்ணுக்குத் தெரியுற தூரந்தான்."

"பொறவு நீ கூப்புடலியா?"

"கூப்புட்டேன் மக்களே" என்றேன். எப்படிக் கூப்பிட்டேன் என்று அவள் கேட்கவில்லை.