மலைக்கார நீலமேகம்

தண்டையார்பேட்டையில் மலை ஏது? ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தட்டைத் தரை. அதனால் சணல் கிடங்குகளுக்கு நடுவே நாலு இரும்புக் கால்களில் நின்ற காவல் கோபுரத்தையே எங்கள் ஜனம் மலை என்றது. அதன் உச்சியில் உட்கார்ந்திருந்தவன் மலைக்கார நீலமேகம். அதன் அடியில் டீக்கடை வைத்திருந்தவன் நான், ராமசுப்பு. எனக்குச் சொந்த ஊர் தெற்கே என்பதால் எல்லோருக்கும் அண்ணாச்சி. அத்தனை வருஷம் அவனுக்கு டீ ஆற்றிக் கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அவனைப் போல ஓர் உதவாக்கரையை நான் பார்த்ததில்லை.

யுத்த காலத்தில், ஜப்பான்காரன் விமானம் வருகிறதா என்று பார்க்க எழுப்பிய கோபுரம் அது. நீலமேகத்தின் மச்சான் ஏதோ ஆபீசில் பியூன். அந்தச் சிபாரிசில் இவன் மேலே ஏறினான். நாற்பத்திரண்டில், குண்டு போடப் போகிறார்கள் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது, முதலில் ஓடியவனும் இவன்தான். அரக்கோணத்தில் மாமியார் வீட்டில் உட்கார்ந்து தின்றுவிட்டு, பயம் தெளிந்ததும் திரும்பி வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? என் கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "நான் முறைச்சுப் பாத்துகினே இருந்தேன் அண்ணாச்சி. அவன் அப்டியே திரும்பிப் பூட்டான்" என்றான்.

யுத்தம் முடிந்ததும் கிடங்கு முதலாளிகள் கோபுரத்தை வாங்கிக்கொண்டார்கள். கூடவே நீலமேகமும் போனான். குடியிருக்க அதன் காலடியில் ஒரு தகரக் கொட்டகை. வேலை என்ன? எங்கே தீ கண்டாலும் மேலே தொங்கும் மணியை அடிக்க வேண்டும். மணி கேட்டால் கிடங்கு ஆட்கள் ஓடிவருவார்கள், ஆபீசிலிருந்து தீயணைப்பு வண்டிக்குப் போன் போகும். அவ்வளவுதான். ஒரு காக்காயைப் பழக்கினால் அதுவே செய்துவிடும்.

ஒரு நாள் வாய்க்கால் ஓரத்துக் குடிசை ஒன்று பற்றியது. இவன் அடித்தான். ஆட்களெல்லாம் அவரவர் குடிசைக்கு ஓடிவிட, அன்று லோடு ஏறவில்லை. மானேஜர் இவனைக் கூப்பிட்டு, குடிசைகளுக்கெல்லாம் அடிக்கக் கூடாது, கிடங்குக்கு மட்டும் அடி என்றார். வேறு யாராவது என்றால் தலையையாவது சொறிந்திருப்பான். இவனுக்கோ உத்தியோகம் உயர்ந்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "இனிமே கண்டவன் வூட்டுக்கெல்லாம் அடிக்க மாட்டேன். ஆர்டரு" என்று டீ குடிக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

கிடங்கில் சாக்கு தைக்கும் ஞானபாக்கியத்தின் குடிசையும் வாய்க்கால் ஓரத்தில்தான் இருந்தது. அவள் அம்மா சிலுவையம்மாளுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது, படுத்த படுக்கை. காலையில் கஞ்சி ஊட்டிவிட்டு இவள் வேலைக்கு வருவாள். கிடங்கிலிருந்து வாய்க்கால் கூப்பிடு தூரம்தான்.

அந்தக் கோடையில் ஒரு மத்தியானம், பக்கத்துக் குடிசை அடுப்பிலிருந்து பொறி பறந்து, ஓலைக் குடிசைகள் வரிசையாகப் பற்றிக்கொண்டன. புகையைப் பார்த்து நான் வாளியோடு ஓடினேன். ஓடும்போது நிமிர்ந்து பார்த்தால், அந்த மகாராசன் நெற்றியில் கை வைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"மணியை அடியும்வே" என்று கத்தினேன்.

"கிடங்கு இல்ல அண்ணாச்சி, குடிசதான்" என்று மேலிருந்து பதில் வந்தது.

யாரோ ஓடிப்போய் வாய்வார்த்தையாகச் சொல்லி ஞானபாக்கியம் வந்து சேர்ந்தபோது, அம்மாவும் இல்லை, குடிசையும் இல்லை.

கல்லறைக்குப் போய் வந்த மறுநாள் அவள் கோபுரத்தடிக்கு வந்து அவனைக் கீழே கூப்பிட்டாள். "நீ மணி அடிச்சிருந்தா ஓடியாந்து எங்கம்மாவத் தூக்கினு வந்திருப்பேன்" என்றாள். அழவில்லை.

"நான் இன்னாம்மா பண்றது. ஆர்டரு அப்டி" என்றான் அவன். என் கையில் அப்போது கொதிக்கிற பாய்லர் தண்ணீர் இருந்தது. ஊற்றாமல் விட்டேனே என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவள் சாபம் விடவில்லை. கிடங்குச் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த வாரம் அந்தச் சுவரில் சாய்த்து ஒரு குடிசை போட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வரிசையாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். மானேஜர் குதித்துக்கொண்டு வந்தார். சுவருக்கு வெளியே புறம்போக்கு. "சர்க்காரு எடம் சார். ஒங்க சொவுத்துல சும்மா சாஞ்சிகினு கீறோம்" என்றாள் ஞானபாக்கியம். அவர் எங்கெங்கோ மனுப் போட்டுப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டு கோடை கழித்துச் சுவரோரக் கூரை ஒன்று பற்றியது. புகை மேலே எழும்பக்கூட இல்லை, மணி ஊரையே கிழித்தது. வண்டி வந்தது, ஆட்கள் வந்தார்கள். இரண்டு கூரையோடு தீ அடங்கியது, ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகவில்லை. நீலமேகம் இறங்கி வந்து, தன்னால்தான் இத்தனை பேரும் பிழைத்தார்கள் என்று மார்தட்டினான். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐம்பத்தாறில் முதலாளிகளில் ஒருவர் தன்னுடைய மச்சினனைக் கொண்டுவந்து மலைமேல் ஏற்றினார். மச்சான் தயவில் ஏறியவன் இன்னொருவனுடைய மச்சான் தயவில் இறங்கினான். தகரக் கொட்டகையும் போயிற்று, அரக்கோணத்திலும் சேர்க்கவில்லை. குடிசைப்பகுதியில் யாருக்கு எங்கே இடம் என்பது அப்போது ஞானபாக்கியத்தின் வாக்கு. என் கடை வாசலில் வைத்தே அவளிடம் கேட்டான்.

"சொவுரோரமா ஒரு எடம் குடும்மா."

"சொவுரோரம் எடம் இல்லப்பா. வாய்க்கா ஓரம் கீது. எங்கம்மா இருந்த எடம்."

"அங்க நெருப்பு புடிச்சா மணி அடிக்க மாட்டாங்களேம்மா."

"நான் இன்னா பண்றது. ஆர்டரு அப்டி" என்று சொல்லிவிட்டு அவள் டீயைக் குடித்து முடித்தாள்.

வேறு போக்கிடம் இல்லாமல் வாய்க்கால் ஓரத்தில்தான் ஓலை போட்டான். சாகும்வரை அந்தக் குடிசையில் அவன் அடுப்புப் பற்றவைக்கவில்லை. மூன்று வேளையும் என் கடைக்குத்தான் வந்தான்.