சிமெண்ட் பூசிய குழி

கிளியனூர்ப் பக்கம் எங்கள் ஊர். என் கொழுந்தன் பெண்டாட்டி சுவரை ஒட்டிய அடுத்த வீட்டில் இருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை.

தொண்ணூறுகள் முடியும் சமயம். எல்லா வீட்டுச் சாக்கடையும் தெருவில்தான் ஓடும். பஞ்சாயத்தில் கூட்டம் போட்டு, அவரவர் தோட்டத்திலேயே உறிஞ்சு குழி வெட்டி, கழுவின தண்ணீரை மண்ணுக்குள் இறக்குங்கள் என்றார்கள். நல்ல குழி எதுவோ, அதன் பக்கத்தில் வீட்டுக்காரியை நிறுத்திப் போட்டோ எடுத்துப் பஞ்சாயத்து ஆபீசில் மாட்டுவார்களாம். அதில் நான்தான் நிற்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அவள் முந்திக்கொண்டாள். தானே கடப்பாரை பிடித்துக் குழி வெட்டி, உடைந்த செங்கல்லை நிரப்பி, மேலே ஓட்டைப் பானையில் தேங்காய் நாரை அடைத்து வைத்தாள். சோறும் பருப்பும் நாரில் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் கீழே போகும். வாரம் ஒருமுறை நாரை அலசிப் போடுவாள். தெருவே வந்து பார்த்தது. என் வீட்டுக்காரர்கூட, "எவ்ளோ சுத்தமா வச்சிக்கினு இருக்குது பாரு" என்றார். அன்றைக்கு அவருக்குக் குழம்பில் உப்புப் போடவில்லை.

நான் விடுவேனா? திண்டிவனத்திலிருந்து கொத்தனாரை வரவழைத்து, அவளுடையதைவிட இரண்டு மடங்கு பெரிய குழி வெட்டினேன். நாலு பக்கமும் அடியும் சிமெண்ட் பூசச் சொன்னேன். "அடியுமா?" என்று கொத்தனார் இரண்டு தரம் கேட்டார். "பூசுங்க. அவ குழி மாரி வெறும் மண்ணா இருக்கக் கூடாது" என்றேன்.

நாலே நாளில் நிரம்பிவிட்டது. சிமெண்ட் எங்கே தண்ணீரை உறிஞ்சும்? ஒரே நாற்றம். மறுநாளே குழிகளைப் பார்த்துப் போட்டோ எடுக்க விழுப்புரத்திலிருந்து ஆபீசர் வந்து நின்றார்.

"என்னம்மா, தண்ணி இறங்காம அப்படியே நிக்குது?"

நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"அது வாழைக்கு மொண்டு ஊத்தறதுக்குங்க சார். தண்ணி வீணாப் போவக் கூடாதுன்னு அக்கா சேத்து வச்சிக்கினு இருக்காங்க. எல்லாம் அக்கா யோசனை."

என் தோட்டத்தில் அன்றைக்கு ஒரு வாழைகூடக் கிடையாது. கன்று இனிமேல்தான் வைப்பேன் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, ஆபீசர் முகம் மலர்ந்தது. என்னைத் தொட்டிப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார். அவளை எடுக்கவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

சாயந்திரமே நாலு வாழைக்கன்று வாங்கி நட்டேன். அதற்கப்புறம் தினமும் காலையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாளி வாளியாக மொண்டு ஊற்றினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாத்திரத்தைக் கழுவிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

பஞ்சாயத்து ஆபீசில் என் போட்டோ மாட்டியிருந்தது. அதைப் பார்த்தபோது அவள்மேல் பட்ட அளவு பொறாமை அதற்கு முன்னால் நான் பட்டதே இல்லை.