சுகிர்தம் ஊற்றிய தண்ணீர்

நகரியிலிருந்து புத்தூர் போகும் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த அந்த ஊரில், சுகிர்தம்மாவின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. அவள் கைக்கு ஏங்காத பிள்ளைத்தாய்ச்சியும் கிடையாது. மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் பழகிவிட்டு வந்தவள். கல்யாணமான சூட்டிலேயே புருஷனைப் பறிகொடுத்தாள். சொந்தப் பிள்ளை இல்லாததால் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் உரிமையோடு திட்டினாள். வண்டிச் சக்கரத்தில் தொங்கிக்கொண்டு போகும் பையனைப் பார்த்தால், “ஒன்ன வெளிய எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், எறங்குடா!” என்பாள். பையனும் இறங்கிவிடுவான்.

ஊரில் கிறிஸ்தவர்களுக்கு இரண்டு தெரு. கால்வாய்க்கு இந்தக் கரையில் சபைத் தெரு, அந்தக் கரையில் மாதா கோயில் தெரு. ஆந்திரா தனி ராஜ்யமாகிவிட்டிருந்த சமயம். எந்த ஊர் யாருக்கு, எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. அவர்கள் கோடு போட்டுப் பல காலம் ஆகிவிட்டது. சபைக்காரர்கள் மாதா கோயிலுக்குள் கால் வைக்க மாட்டார்கள். மாதா கோயில்காரர்கள் சபை ஆராதனைக்குப் போனால் பாவம், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சுகிர்தம் சபைத் தெருக்காரி. அதிலும் படு கறார். சுரூபம், மெழுகுவத்தி, ஜெபமாலை, எதைக் கண்டாலும் அவள் வாய் சும்மா இருக்காது. எதிர்க்கரையில் துணி துவைக்க வருகிற மதலேனோடு இந்த வழக்கு தினமும் நடக்கும்.

“இன்னாம்மே மதலேனு, நேத்தெல்லாம் மணி உருட்டிக்கினு இருந்தீங்களே, ஆண்டவருக்கு இன்னா காது செவுடா? ஒரு தபா சொன்னா கேக்காதா?”

“எங்களுக்காவது போய்ச் சொல்றதுக்கு மாதா கீறாங்க அக்கா. ஒங்க தெருவுல மாமியாரையே மதிக்கமாட்டீங்க. ஆண்டவரோட அம்மாவையா மதிக்கப் போறீங்க?”

சுகிர்தத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். காட்டிக்கொள்ள மாட்டாள். கால்வாய் குறுகலானது. சேலையைப் பிழியும்போது ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் அவரவர் கரையில் நின்று முறுக்குவார்கள். அந்த நேரத்தில் மட்டும் மதம் பேசுவதில்லை. மதலேனின் புருஷன் சின்னப்பன் கல் குவாரியில் வேலை செய்தான். அவளுக்கு இரண்டு கர்ப்பம் பாதியிலேயே கலைந்துவிட்டிருந்தது. மூன்றாவது தங்கியபோது சுகிர்தம் கரையில் நின்றபடியே அதட்டுவாள்: “குனியாதம்மே! அந்தக் குடத்த வெச்சுடு!”

சுகிர்தத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒரு விருந்துதான். கல்யாணப் பந்தியில் விதவைக்குக் கடைசி இலை, மருத்துவச்சிக்கு அதற்கும் பின்னால். அவளோ இரண்டும். ஆனால் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில், ஏசுவின் கடைசி விருந்தை நினைத்து அப்பமும் திராட்சைச் சாறும் பகிரும் திருவிருந்து நடக்கும். எல்லாரும் பாயில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். போதகர் ஆரோன் ஐயா அப்பத்தட்டையும் கிண்ணத்தையும் வரிசை வரிசையாகக் கொண்டு வந்து கொடுப்பார். அங்கே சுகிர்தம் முதல் பாயில் உட்காருவாள். முந்தின நாளே உலர்ந்த திராட்சையை ஊறப்போட்டு, காய்ச்சி, சாறு பிழிந்து கொடுப்பவளும் அவள்தான். பிரசவ வீட்டிலிருந்து எவ்வளவு அசந்து வந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையை அவள் விட்டதில்லை.

மதலேனுக்கு வலி எடுத்தது ஒரு காலைப்பொழுதில். எல்லைத் தகராறுக்காக அன்று கடையடைப்பு. பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. புத்தூரில் இருக்கும் மாதா கோயில் சாமியார் வர வழியில்லை. சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் இராயப்பனும் மறியலை வேடிக்கை பார்க்கத் திருத்தணிக்கு நடந்தே போய்விட்டார். சின்னப்பன் வண்டி தேடி ஓடியிருந்தான். சுகிர்தம் கால்வாயைத் தாண்டி வந்தபோது வீட்டில் துணைக்கு இருந்தவள், பக்கத்துத் தறிக்காரர் வீட்டுக் கிருஷ்ணம்மா ஒருத்திதான்.

பிள்ளை கொடி சுற்றிக்கொண்டு வந்தது. ஆண். நீலம் பாரித்திருந்தது. சுகிர்தம் கொடியை அறுத்தாள், வாயைத் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், தன் வாயை வைத்து ஊதினாள். மூச்சு வந்தது, ஆனால் அது நிற்கப் போகிற மூச்சு. இத்தனை வருஷக் கைக்கு அது தெரிந்துவிட்டது. அழுகைச் சத்தம் கேட்காததால் மதலேனுக்கும் தெரிந்துவிட்டது.

“அக்கா, தண்ணி ஊத்து,” என்றாள்.

“இன்னாது?”

“ஞானஸ்நானம் குடு அக்கா. ஞானஸ்நானம் இல்லாமப் போனா எம் புள்ளைக்கு மோட்சம் இல்ல. ஆபத்துல யார் வேணாலும் குடுக்கலாம்னு உபதேசியார் சொல்லிக்கீறாரு. என்னால எழுந்துக்க முடியல. நீ ஊத்து.”

சுகிர்தத்தின் சபையில் ஞானஸ்நானம் கொடுப்பது போதகர் மட்டுந்தான். பொம்பளை அதை நினைத்துப் பார்ப்பதுகூட இல்லை. அது மட்டுமல்ல, தண்ணீர் படாத பச்சைப்பிள்ளையை ஆண்டவர் வெளியே நிறுத்துவார் என்பதை அவள் ஒரு நாளும் நம்பியதில்லை. இதே பேச்சு கால்வாய்க்கரையில் வந்திருந்தால் கிழிகிழியென்று கிழித்திருப்பாள். ஆனால் இது கால்வாய்க்கரை இல்லை. மதலேன் அவளை ஆண்டவரையே பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கிருஷ்ணம்மா, ஒரு சொம்பு தண்ணி கொண்டாம்மே. பேர் இன்னா வெக்கணும் மதலேனு?”

“அருளப்பன்.”

சுகிர்தம் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றினாள். போதகர் சொல்லிக் கேட்ட வார்த்தைகளை அப்படியே சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே ஞானஸ்நானம் கொடுத்தாள். பிறகு துடைத்து, தாயின் மார்பில் போட்டாள். உச்சிவெயில் சாயும்வரை அது அங்கேயே கிடந்து மூச்சுவிட்டுவிட்டு அடங்கியது. மதலேன் அழுதாள். ஆனால் அலறவில்லை.

மறுநாள் காலை ஞானாதிக்கம் சாமியார் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். திருத்தணியிலிருந்து திரும்பிவிட்ட உபதேசியார் அவருக்கு முன்னால் நின்றுகொண்டு, பிள்ளையைக் கல்லறைச் சுவருக்கு வெளியேதான் புதைக்க வேண்டும் என்றார். “பதிதக்காரி ஊத்தின தண்ணி செல்லாது சாமி!” பதிதர் என்றால் வழிதப்பிப் போனவர்கள்; மாதா கோயில் தெருவில் சபைக்காரர்களுக்கு அதுதான் பெயர். சாமியார் சுகிர்தத்தை அழைத்து வரச் சொன்னார். அவள் மாதா கோயில் வாசல்வரை வந்து, படியேறாமல் நின்றுகொண்டாள்.

“தலையில தண்ணி ஊத்தினியாம்மா?”

“ஊத்தினேங்க ஐயா.” அவரைச் சாமி என்று கூப்பிட அவளுக்கு நாக்கு வரவில்லை. உபதேசியார் முறைத்தார்.

“பிதா, சுதன் பேரெல்லாம் சொன்னியா?”

“சொன்னேன். எங்க சபையில சொல்ற மாதிரி.”

“என்ன நினைச்சுக்கிட்டு ஊத்தினே?”

“அவ கேட்டத செய்யணும்னு நெனச்சேன்.”

“அவ கேட்டது திருச்சபையோட ஞானஸ்நானம். அதைத்தான் நீ கொடுத்திருக்கே. செல்லும்,” என்றார் சாமியார். “யார் கையால ஊத்தினாலும் கொடுக்கிறவர் ஆண்டவர். இராயப்பா, சுவருக்கு உள்ளே குழி வெட்டச் சொல்லு.”

சுகிர்தத்துக்கு நிம்மதியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. தான் செய்தது செல்லும் என்று ரோமாபுரியின் ஆளா வந்து சொல்ல வேண்டும்? திரும்பி வரும் வழியில் கிருஷ்ணம்மா கேட்டாள்: “ரெண்டு தெருவும் அதே ஏசுசாமியத்தான கும்புடறீங்க? அப்புறம் இன்னாத்துக்கு இந்தச் சண்டை?”

“ஒனக்குப் புரியாது, போம்மே,” என்றாள் சுகிர்தம். அவளுக்கே அன்று அவ்வளவாகப் புரியவில்லை.

விஷயம் கால்வாயைத் தாண்டி ஆரோன் ஐயாவின் காதுக்கு வர இரண்டு நாள்கூட ஆகவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. சுகிர்தத்தின் மேல் அவருக்கு மதிப்பு உண்டு. அவருடைய மூன்று பிள்ளைகளும் அவள் கையில் பிறந்தவை. ஆனால் ஒழுங்கு என்று வந்துவிட்டால் தன் நிழலைக்கூட விடாத ஆள். அவளை வீட்டுக்குக் கூப்பிட்டு, முதலில் காபி கொடுத்தார். பிறகு கேட்டார்.

“சுகிர்தம்மா, தண்ணி படலன்னா அந்தப் பிள்ளையை ஆண்டவர் தள்ளிடுவாரா?”

“மாட்டாருங்க ஐயா.”

“அப்புறம் ஏன் ஊத்தினீங்க?”

“அவரு தள்ளமாட்டாருன்னு எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதுங்களே ஐயா.”

ஆரோன் ஐயா காலிக் காபித் தம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார். அபிஷேகம் பெற்ற போதகருக்குத்தான் அந்த அதிகாரம். ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்தால் சபை எதற்கு? வருகிற திருவிருந்து ஞாயிறன்று சபைக்கு முன்னால் எழுந்து நின்று, நான் கொடுத்தது ஞானஸ்நானமே அல்ல, தவறாகச் செய்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அன்றே திருவிருந்துப் பந்தியில் அப்பமும் சாறும் கிடைக்கும். சொல்லாவிட்டால், சொல்லும்வரை பந்தி கிடையாது.

வீட்டுக்கு வந்த கிருஷ்ணம்மாவிடம் சுகிர்தம் சொன்னபோது, அவள் சுலபமாக வழி சொன்னாள். “ஒரு வார்த்தை தானே அக்கா? சொல்ட்டு வந்துடு. மதலேன் இன்னா ஒங்க கோயிலுக்கா வரப்போறா கேக்கறதுக்கு?” சுகிர்தத்துக்கும் அது சரியென்றுதான் பட்டது. சனிக்கிழமை திராட்சை ஊறப்போடும்போதே மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆரோன் ஐயா அவள் பெயரைச் சொல்லி அழைத்தார். சுகிர்தம் முதல் பாயிலிருந்து எழுந்து சபையைப் பார்த்துத் திரும்பினாள். வாசற்படியில் மதலேன் நின்றுகொண்டிருந்தாள்.

முக்காடு போட்டிருந்தாள். வாடிப்போன உடம்பு. அக்காவை என்னவோ விசாரிக்கப் போகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான்தான் கேட்டேன், அவள்மேல் தப்பில்லை என்று சொல்ல, பாவமென்று தெரிந்தே கால்வாயைத் தாண்டி வந்திருக்கிறாள். உள்ளே வந்ததும் பழக்கத்தில் முட்டிபோடப் பார்த்தாள். முன்னால் சுரூபம் எதுவும் இல்லாததால் எதைப் பார்த்து முட்டிபோடுவது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

“நீங்க கொடுத்தது ஞானஸ்நானம் அல்லன்னு ஒத்துக்கிறீங்களா?” என்று கேட்டார் ஆரோன் ஐயா.

மதலேனின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோனதை சுகிர்தம் பார்த்தாள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அருளப்பன் கல்லறைச் சுவரைத் தாண்டி வெளியே போய்விடுவான். சாமியார் எத்தனை சொன்னாலும் பெற்றவள் மனசில் அவன் வெளியேதான் கிடப்பான்.

“ஐயா, நான் செஞ்சது சபை ஒழுங்குக்குத் தப்பு. ஒழுங்குப்படி எனக்குப் பந்தி குடுக்காதீங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா அந்தப் புள்ள ஞானஸ்நானம் வாங்கின புள்ள. அத இல்லன்னு என் வாயால சொல்லமாட்டேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அப்பத்தட்டு வந்தது. பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்துவிட்டு, சுகிர்தத்தைத் தாண்டி அடுத்தவளிடம் போயிற்று. அவள் பிழிந்த சாறும் அவளைத் தாண்டிப் போயிற்று. அதைப் பார்த்த பிறகுதான் மதலேனுக்கு எல்லாம் புரிந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தவளின் கையை மதலேன் பிடித்துக்கொண்டாள். “என்னால ஒன் பந்தி போச்சே அக்கா!”

“எம் பந்தி எங்கம்மே போவும்? அது அங்கேயேதான் கெடக்கும். ஒம் புள்ளைக்குத்தான் போக்கிடம் வேணும்,” என்றாள் சுகிர்தம். பிறகு தன் வழக்கப்படி, “பச்ச ஒடம்போட இன்னாத்துக்கு வெயில்ல வந்த? அறிவு கீதா?” என்று ஒரு அதட்டலும் போட்டாள். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அது மதலேனுக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமைகளிலும் அவள்தான் திராட்சை ஊறப்போட்டாள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஞாயிறன்று அதே முதல் பாயில் உட்காருவாள். ஆரோன் ஐயா தட்டோடு வருவார். அவளிடம் வரும்போது மட்டும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு தாண்டிப்போவார். ஒரு தடவையாவது தவறு என்று சொல்லிவிடுவாளா என்று அவரும், ஒரு தடவையாவது நின்றுவிடுவாரா என்று அவளும் எதிர்பார்த்தபடியே மாதங்கள் போய், வருஷங்களும் போயின. கால்வாய்க்கரையில் வழக்கும் வாயாடலும் முன்போலவே நடந்தன. ஜெபமாலையை சுகிர்தம் விட்டுவைக்கவில்லை, மதலேனும் சளைக்கவில்லை.

ஒருவழியாக எல்லையும் தீர்ந்தது. திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நகரி ஆந்திரப் பக்கம் நின்றது. ஆரோன் ஐயாவுக்கும் மதராஸ் பக்கத்தில் ஒரு சபைக்கு மாற்றல் வந்தது. அவர் கடைசியாக நடத்திய திருவிருந்தில், வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தவர் சுகிர்தத்தின் முன்னால் நின்றார். சாப்பிடக் கூடாதென்று தானே தள்ளிவைத்தவள் பிழிந்த சாற்றைத் தூக்கிக்கொண்டு, அவளையே தாண்டித் தாண்டிப் போக ஒரு மனிதனால் எத்தனை காலந்தான் முடியும்? குனிந்து தட்டை நீட்டினார்.

சுகிர்தம் கையை நீட்டவில்லை. அவள் அப்போதும் கறார்தான்.

“நான் இன்னும் அத்தச் சொல்லலீங்களே ஐயா,” என்றாள் மெதுவாக.

“நானும் கேக்கலியே அம்மா,” என்றார் ஆரோன் ஐயா.